கொளஞ்சியின் இன்னொரு செருப்பு

இரண்டு காலும் இருந்த காலத்திலேயே கொளஞ்சிக்குக் கால் சொந்தமில்லை. இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்லிச் சிரிப்பாள். "காலையில இது தெருவோட காலு, பகல்ல மதாமோட காலு, ராத்திரி படுத்தாத்தான்டி என் காலு" என்பாள். முதலியார்பேட்டைக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டியிருந்த எங்கள் சேரியில் எனக்கு அவள் எதிர்வீடு. புதுச்சேரிக்குச் சுதந்திரம் வந்த கதையை ஆளாளுக்கு எழுதுகிறார்கள். அதில் கொளஞ்சி எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்தக் கோபத்தில்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

சேரியிலிருந்து பட்டணத்துக்குப் போக மேலத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். இன்னொரு வழி உண்டு, வயலுக்குள் இறங்கி முழங்கால் சேற்றில் போகிற வழி. மேலத்தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. தெருமுனை வேப்பமரத்தடியில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மறுமுனைக்குப் போனதும் போட்டுக்கொள்ளலாம். எழுதி ஒட்டியிருந்தாலாவது ஒருநாள் கிழித்துப் போட்டிருப்போம். அது எழுதாத சட்டம்.

வேலை பார்த்த இடத்திலோ சட்டம் தலைகீழ். தூமா வீதியில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் அவள் வீட்டுவேலை செய்தாள். சேர்ந்த முதல் நாள், மெழுகு போட்டுத் தேய்த்த தரையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். வீட்டு எஜமானி மதாம் ஓடிவந்து தரையைக் காட்டி "பியே! பியே!" என்று கத்தினாளாம். கொளஞ்சி பதறிப்போனாள். எதையோ மிதித்துவிட்டோம் என்று உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள், குனிந்து தரையை முகர்ந்தாள். "பீயக் காணமே மதாம், நல்லாத்தானே இருக்குது" என்று தமிழில் கெஞ்சினாள். சமையல்காரர் வந்து விளக்கினார். பியே என்றால் பிரெஞ்சில் கால். வெறுங்கால் பட்டால் தரையில் தடம் விழுகிறதாம், அதுதான் மதாமின் கவலை.

இதைக் கொளஞ்சி நடித்துக் காட்டும்போது நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரித்து முடித்த பிறகு, "ரெண்டுக்கும் அந்த வூட்ல ஒரே பேருதான் போ" என்பாள். அப்போது யாருக்கும் சிரிப்பு வராது.

மதாம் அவளுக்குத் துணிச்செருப்பு ஒரு ஜோடி கொடுத்தாள், வீட்டுக்குள் போட்டுக்கொள்ள. பெயரையும் மாற்றினாள். அந்த வீட்டில் வேலைக்கு வந்த எல்லாருமே மரிதான், கொளஞ்சியும் மரி ஆனாள். வந்து போவது பின்வாசல் வழியாக. அந்த வாசல் பக்கத்தில் ஓர் ஆணி, ஆணியில் ஓர் எனாமல் குவளை. மரி அதில்தான் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஐம்பத்து நாலாம் வருஷம் நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியது. கொளஞ்சியின் புருஷன் கண்ணையன் மில் தொழிலாளி, சங்கத்து ஆள். வெள்ளைக்காரன் போய்விட்டால் ஊரே தலைகீழாகிவிடும் என்று நம்பியவன். அன்றைக்குக் கொடி பிடித்த கூட்டத்தோடு கூட்டமாக, சேரி ஜனம் முழுக்கச் செருப்புக் காலோடு மேலத்தெருவில் நடந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. மேலத்தெருவின் பெரிய ஆள் கோவிந்தராசு, வாசலில் நின்று எல்லாருக்கும் கல்கண்டு கொடுத்தார். எங்களுக்கும் கொடுத்தார், கை படாமல் தூக்கிப் போட்டார்.

மறுநாள் கண்ணையன் செருப்போடு முனை திரும்பியதுமே அதே கோவிந்தராசு கேட்டார்: "இன்னாடா கண்ணையா, ஊர்வலம் இன்னுமா முடியல?"

கண்ணையன் கழற்றினான். அன்று அவன் சோறு தின்னவில்லை என்று கொளஞ்சி சொன்னாள்.

அடுத்த சில மாதங்களில் மதாம் கப்பலேறினாள். வீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்த நம் அதிகாரி ஒருவர் குடிவந்தார். அவர் மனைவி தமிழ் பேசுகிறவள், நெற்றி நிறையக் குங்குமம். கொளஞ்சிக்கு அவளைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. அந்தம்மாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தபடி பின்வாசலுக்கு வந்தாள். ஆணியையும் குவளையையும் பார்த்தாள். "ஒன்னோடதா?" என்று கேட்டாள். கொளஞ்சி தலையாட்டினாள். "சரி, அங்கியே இருக்கட்டும்."

அவ்வளவுதான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த அம்மாளுக்கு ஒரு சொல் பிரெஞ்சு தெரியாது, ஆனால் ஆணி சொன்னது புரிந்துவிட்டது. துணிச்செருப்பு மட்டும் போயிற்று. வீட்டுக்குள் செருப்பு என்ன கேடு என்று குப்பையில் போடச் சொன்னாள்.

ஐம்பத்தேழில் கொளஞ்சியின் வலது காலில் புண் வந்தது. கருவேல முள் ஏறியது, சாதாரண முள்தான். அவள் உடம்பில் சர்க்கரை இருந்தது அப்போதுதான் தெரிந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "இந்தக் கால் மண்ணில் படக்கூடாது. செருப்பு இல்லாமல் ஓர் அடிகூட வைக்காதே. பட்டால் எடுக்க வேண்டி வரும்."

கொளஞ்சிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். டாக்டரே சொல்லிவிட்டாரே, இனி யார் தடுப்பார்கள் என்று நினைத்தாள். நேரே போய்க் கோவிந்தராசு வீட்டுக்கு எதிரே எட்ட நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் கெட்ட வார்த்தை பேசுகிறவரல்ல. கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார், நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"துணி சுத்திக்க கொளஞ்சி, எவ்ளோ வேணா சுத்திக்க. துணிய யாரு வேணாங்கிறா?"

"துணி நனைஞ்சிடுது ஆண்டே. கல்லு குத்துது."

"அட்டை வெச்சிக்க."

"செருப்பு போடச் சொல்லித்தான் டாக்டரு..."

"டாக்டரு ஆஸ்பத்திரிக்கு டாக்டரு. தெருவுக்கா டாக்டரு?"

துணி செருப்பாகாது, அட்டை செருப்பாகாது, ரப்பரும் தோலும்தான் செருப்பு. இப்படி ஒரு தீர்ப்பை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். கண்ணையன் அன்று முழுக்க உட்கார்ந்து யோசித்தான். பிறகு பழைய லாரி டயரில் அடிப்பாகம் வெட்டி, அதைச் சாக்குத் துணிக்குள் வைத்துத் தைத்து, கட்டோடு கட்டாகக் காலில் சுற்றிவிட்டான். மேலே பார்த்தால் பெரிய கட்டு. உள்ளே செருப்பு.

"யோவ், இது கட்டா செருப்பாய்யா?" என்று கேட்டாள்.

"கேட்டா கட்டு. நடந்தா செருப்பு" என்றான் அவன்.

கொஞ்ச காலம் அப்படியே போனாள், வந்தாள். புண் காயத் தொடங்கியது. ஓரத்தில் இளஞ்சதை தெரிகிறது என்று டாக்டர் சொன்னதை, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொன்னாள். கால் பிழைத்துவிடும் என்று நாங்களும் நம்பிவிட்டோம்.

கெடுத்தது ஒரு தூறல். சாக்கு தேய்ந்து டயர் வெளியே தலைகாட்டியதை அவள் கவனிக்கவில்லை. ஈர மண்ணில் மேலத்தெரு முழுக்கத் தடம் விழுந்துவிட்டது. இடது பக்கம் மனுஷக் கால், வலது பக்கம் வரிவரியாக டயர். தரையில் தடம் விழுகிறது என்று மதாம் கத்தியதைப் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இந்தத் தடத்துக்குச் சிரிக்க முடியவில்லை.

கோவிந்தராசு வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். "ஒத்தச் சக்கர லாரி ஒண்ணு நம்ம தெருவுல தெனமும் போவுது பாருங்க."

சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எங்கம்மா அவளோடு கூட வந்தாள், அம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். ஒருவரும் கொளஞ்சியைத் தொடவில்லை. தொட்டால் தீட்டாயிற்றே! அதனால் அவளையே அவிழ்க்கச் சொன்னார்கள். நடுத்தெருவில் உட்கார்ந்து சாக்கை அவிழ்த்தாள். அதோடு கட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. "கட்ட மட்டும் சுத்திக்கிறேன் ஆண்டே" என்று கேட்டாள். சேரிக்குப் போய்ச் சுற்றிக்கொள் என்றார்கள். டயர்த் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, திறந்த புண்ணோடு, மழை ஊறிய மாட்டுச்சாணி மண்ணில் அவள் தெருமுனை வரைக்கும் நடந்தாள். எங்கம்மா தோள் கொடுக்கப் போனதற்கு வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டாளாம்.

கொளஞ்சியின் தங்கை வீராயியை எல்லைக்கு அந்தப் பக்கம், முன்பே இந்தியாவாக இருந்த ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே டீக்கடையில் தனிக்குவளை வைத்தவனைப் போலீஸ் பிடித்துப் போனதென்றும், அதற்குச் சட்டம் வந்துவிட்டதென்றும் வீராயி சொல்லியிருந்தாள். அதை நம்பிக் கண்ணையன் கொளஞ்சியைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான், வயல்வழியாக. சிவப்புத் தொப்பி போட்ட ஏட்டு ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்தச் சட்டம் இந்தியாவோடதும்மா. இங்க இன்னும் வரல."

"நாமளும் இந்தியாதானய்யா? கொடியெல்லாம் ஏத்துனமே" என்றான் கண்ணையன்.

"நிர்வாகம் இந்தியா. சட்டப்படி ஊரு இன்னும் பிராஞ்சுதான். ஒப்பந்தத்த பிராஞ்சு பார்லிமெண்டு ஒத்துக்கணும், பெரிய எடத்து வேல, இன்னும் முடியல."

"அப்ப பிராஞ்சு சட்டத்துல போடுங்கய்யா" என்றாள் கொளஞ்சி.

ஏட்டு கையை விரித்தார். "அதுல செருப்பப் பத்தி ஒண்ணும் இல்லியேம்மா. அதுல எல்லாரும் சமம்னுதான் போட்டிருக்குது."

இரண்டு தேசம் சேர்ந்து ஒரு காலைக் காப்பாற்ற முடியவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு எரிகிறது. ஐம்பத்தெட்டு தை மாதம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எடுத்த கால எங்கய்யா போட்டாங்க?" கண்ணையன் ஆஸ்பத்திரி முழுக்க அலைந்து விசாரித்தான். யாருக்கும் தெரியவில்லை. அதை அவள் அவனிடம் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதோடு வேலை போயிற்று. கக்கத்துக்கு வேப்பங்கட்டையில் ஓர் ஊன்றுகோல் செய்து கொடுத்தான் கண்ணையன். அவள் சேரியை விட்டு வெளியே வரவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து மண்டிக்காரர்களுக்குப் புளி ஆய்ந்து கொடுத்தாள். நடித்துக் காட்டுவதும் நின்றுபோயிற்று. பியே கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டால், "அது ரெண்டு கால் இருந்தவ கத" என்பாள்.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் பெரிய இடத்து வேலை முடிந்துவிட்டது, புதுச்சேரி சட்டப்படியும் இந்தியா ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. மறுபடி கொடி, மறுபடி ஊர்வலம், மறுபடி கல்கண்டு. கைவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன், நீயும் வா என்று கண்ணையன் கூப்பிட்டான்.

"ஊர்வலத்துல எல்லாரையுந்தான் வுடுவாங்க. நான் நாளைக்கிப் போறேன், தனியா" என்றாள். அவனை அனுப்பிக் கடையில் புதுச் செருப்பு வாங்கிவரச் சொன்னாள். ஒற்றையாகக் கொடுக்க மாட்டார்களே, ஜோடியாகத்தான் வாங்கி வந்தான்.

தீண்டாமை ஒழிப்புச் சட்டம் அந்த ஆகஸ்டிலும் வந்துவிடவில்லை, அடுத்த வருஷம்தான் வந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பாள்.

மறுநாள் காலை இடது காலில் செருப்பைப் போட்டாள். வலது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள், ஊர் வழக்கப்படி. ஊன்றுகோலோடு வேப்பமரத்தைத் தாண்டி மேலத்தெருவில் இறங்கினாள். நாங்கள் எல்லாரும் முனையில் நின்றோம். கண்ணையனைக் கூட வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள், அவன் என் பக்கத்தில் நின்றான். கட்டை ஒரு சத்தம், செருப்பு ஒரு சத்தம். தெருவில் ஆட்கள் வெளியே வந்தார்கள். அவள் புடவைக்குக் கீழே ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்தார்கள்.

கோவிந்தராசு மட்டும் வாசலுக்கு வந்து, "இன்னா கொளஞ்சி" என்றார். குரலில் அதிகாரம் பாதிதான் இருந்தது.

அவர் வீட்டுப் படிக்கு எதிரே நின்றாள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, கையிலிருந்த செருப்பை வாசற்கோலத்தின் மேல் வைத்தாள்.

"இது ஒங்க தெரு எடுத்துக்கிச்சே, அந்தக் காலோடது. நீங்களே வெச்சிக்குங்க."

மேலத்தெருக்காரரை எஜமானாக வைத்துக் கூப்பிடுகிற 'ஆண்டே' என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. சொல்லாமல் அவள் யாரிடமும் அந்தத் தெருவில் பேசி நாங்கள் கேட்டதில்லை. பிறகு தெருவின் மறுமுனை வரைக்கும் போய், திரும்பி, அதே வழியாக வந்து வீட்டில் உட்கார்ந்து புளி ஆயத் தொடங்கினாள்.

செருப்பு அங்கேயே கிடந்தது. சேரிக்காரி செருப்பு, அதை அந்தத் தெருவில் யார் தொடுவார்கள்? வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் அதைத் தாண்ட வேண்டும். மத்தியானத்துக்குள் சேரிக்கு ஆள் வந்தது. செத்த மாட்டை எடுக்க வருகிற சாமிக்கண்ணுவை உடனே அனுப்பச் சொன்னார்கள். சாமிக்கண்ணு தயங்கித் தயங்கிக் கொளஞ்சியிடம் வந்து நின்றான்.

"எடுத்துடட்டுமா அக்கா?"

"எடு. ஆனா கையில எடுக்காத. கால்ல போட்டுக்கிட்டுத் தெருவத் தாண்டி வா."

போட்டு நடக்க அவனுக்குத் தைரியமில்லை, அவள் சொல்லை மீறிக் கையில் எடுக்கவும் மனசில்லை. தன் குடிசைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சேரியில் வேறு யாரும் போகவில்லை. அன்றைக்கு முழுக்கக் கோவிந்தராசு வீட்டார் பின்வாசல் வழியாகத்தான் போய் வந்தார்கள்.