தண்ணி இறங்கும் நேரம்

எங்கம்மா ஹேமாவதி, மீஞ்சூர் பக்கம் ஒரு மின்சாரக் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். கம்பெனி பழவேற்காடு ஏரியில் விடும் தண்ணீரின் சூட்டை அளந்து எழுத வேண்டும். படித்தது ஆறாவது, பிறந்தது பழவேற்காட்டு மீனவர் வீட்டில்.

சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் சங்கத்தில் எங்கள் கம்பெனியும் உண்டு. மாதம் ஒரு கம்பெனி, தான் சுற்றுச்சூழலுக்குச் செய்ததைப் பீற்றிக்கொள்ளும், மற்றவர்கள் போண்டா தின்றபடி கை தட்டுவார்கள். போன மாதம் எங்கள் முறை. மேனேஜர் லக்ஷ்மண் சார் திரையில் படம் காட்டி, "எங்க தண்ணியில சூடே இல்ல" என்றார். சோதனைக்கு எடுத்த தண்ணீர் பாட்டில்களோடு பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவிட்டாள்.

"சார், நாம தெனமும் பத்து மணிக்கு அளக்குறோம். கடலோட சேந்து ஏரித் தண்ணி இறங்குற நேரத்துல அளந்து பாருங்க, சூட்டுல கால் வைக்க முடியாது. அந்த நேரம் தெனமும் மாறும் சார். எறாவும் மீனும் ஏரியை விட்டு இன்னாத்துக்கு ஓடுதுன்னு நெனச்சீங்க?"

"உக்காரும்மா. வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். அதான் சரியா அளக்கலாம்னு சொல்றேன்."

சங்கத் தலைவர் போண்டாவைக் கீழே வைத்தார். மறுநாள் எல்லோரும் போய், அம்மா சொன்ன நேரத்தில் அளந்தார்கள். அவள் சொன்னது சரி. இப்போது தண்ணீரை ஆறவைக்க எங்கள் கம்பெனி குளம் வெட்டுகிறது.

தங்கள் தண்ணீரையும் அந்த நேரத்தில் அளக்க, தினமும் காலையில் ஏழு கம்பெனிகளிலிருந்து அம்மாவுக்குப் போன் வருகிறது. "அக்கா, இன்னிக்குத் தண்ணி எப்போ இறங்கும்?" லக்ஷ்மண் சாரும் கேட்கிறார்.

ஒருநாள் அம்மா குளிக்கப் போயிருந்தபோது வந்த போனை எடுத்து, அவள் குரலில் நானே பேசினேன். வேறு விஷயமென்றால் எதையாவது மாற்றிச் சொல்லிக் கலாட்டா பண்ணியிருப்பேன். இதில் மட்டும் அவள் எழுதி வைத்திருந்த நேரத்தை அப்படியே சொன்னேன்.