ஐந்தாவது மேசை

மேசைகளின் வரிசையை வகுத்தவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேலகரத்தில் நான் தமிழ் கற்பிக்கும் பெண்கள் பள்ளிக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி வந்த ஆண்டு அது. பதினான்கு வயது நிறைந்து, பதினைந்து நிறையாத பிள்ளைகளுக்கு விலையின்றி ஒரே ஊசி. ஊசிக்கென்று மட்டும் ஒரு நாளைச் செலவிடாமல், எடையும் கண்ணும் இரத்தமும் அன்றே பார்த்துவிடலாம், மாதவிடாய் பற்றிப் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசவும் ஒரு மேசை போடலாம் என்று வட்டார மருத்துவர் சொன்னார். ஒன்பதாம் வகுப்பின் பொறுப்பு என்னுடையது; ஆகவே ஏற்பாடும் என்னிடம் வந்தது.

முதலில் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். தாய்மார்களை உணவுக்கூடத்துக்கு அழைத்திருந்தோம். வெளியே சாரல், வாசலெங்கும் நனைந்த குடைகள். செவிலியர் விளக்கி முடித்ததும் முணுமுணுப்பு எழுந்தது.

“இதப் போட்டா நாளைக்குப் பிள்ள உண்டாகாதாம்லா? வாட்சப்புல வந்திச்சி.”

“கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இது என்னத்துக்குங்கேன்?”

“எம் மவளுக்கு ஊசின்னு சொன்னாலே காய்ச்ச வந்துரும். வேணும்னா அவளுக்குப் பதிலா எனக்குப் போட்டு விடுங்க” என்றார் முன்வரிசையிலிருந்த ஒருவர். கூடமே சிரித்தது. செவிலியர் பொறுமையாகத்தான் விடை சொன்னார். ஆயினும் படிவத்தைத் தொட எவரும் முன்வரவில்லை.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். பீடி சுற்றுபவர், கணவர் சவுதியில் வண்டி ஓட்டுகிறார், மகள் என் வகுப்பு. அவர் தலைத்துணியை மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். தலையில் ஒரு மயிர்கூட இல்லை.

“எனக்கு வந்திருக்கது இந்தச் சீக்குதான். ஒரு வருசமா ரத்தம் போச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு ஒருத்தர்ட்டயும் சொல்லல. இப்பம் திருநெல்வேலிக்கும் வீட்டுக்குமா அலையுதேன். எஞ் சின்ன வயசுல இந்த ஊசி இருந்திருந்தா ஓடிப்போய்ப் போட்டிருப்பேன். எம் மவளுக்கு மொதல்ல போடுங்க டீச்சர்.”

சற்றுமுன் சிரிக்கவைத்தவரே முதலில் வந்து கையொப்பமிட்டார். பிறகு ஒருவர் மிச்சமின்றி வந்தார்கள். படிவம் போதாமல் நான் படியெடுக்க ஆள் அனுப்பினேன்.

முகாம் நாளன்று காலை, ஊசியை முதலில் வைத்துக்கொள்ளலாம் என்றார் செவிலியர். “பயம் தெளிஞ்சிரும் டீச்சர். பொறவு மத்தத நிதானமாப் பாக்கலாம்.” நான் இசையவில்லை. ஊசி முடிந்ததும் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள், மற்ற மேசைகள் வெறிச்சோடிப்போகும் என்று எண்ணினேன். ஒவ்வொருத்திக்கும் ஐந்து கட்டமிட்ட அட்டை எழுதி வைத்திருந்தேன். எடை, கண், இரத்தம், பேச்சு ஆகிய நான்கு கட்டங்களும் நிரம்பினால்தான் ஐந்தாவது மேசையில் ஊசி. செவிலியர் ஊசிப் பெட்டியை ஐந்தாவது மேசைக்கு எடுத்துப் போனார்.

வரிசை அழகாகவே நகர்ந்தது. “ஏட்டி, ஒங் கையில குத்துனா ஊசிதான் வளையும்” என்று ஒருத்தி மற்றொருத்தியைச் சீண்டினாள். “ஒன் வாயில குத்தச் சொல்லுதேன், அப்பமாவது ஓயுதான்னு பாப்போம்” என்றாள் இவள். அவர்களை அதட்டிக்கொண்டே நான் அட்டைகளைச் சரிபார்த்தேன்.

தலைத்துணியைத் தள்ளிக் காட்டிய அந்தப் பெண்மணியின் மகள் என்னிடம் வந்து, நான்கு கட்டமும் நிரம்பிய அட்டையை நீட்டினாள். மூன்றாவது கட்டத்தில் சிவப்பு மையில், இரத்தம் மிகவும் குறைவு, அரசு மருத்துவமனைக்குச் செல்லவும் என்று எழுதியிருந்தது.

“நான் அஞ்சாவதுக்குப் போவட்டா டீச்சர்?”

“ரத்தம் இல்லாத ஒடம்புல ஊசி போடக்கூடாதும்மா. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. அடுத்த வாரம் திரும்ப வருவாங்க, அப்பம் போட்டுக்கலாம்.”

“இன்னைக்கே போட்டுக்கிடுதேன் டீச்சர். போட்டாச்சான்னு உம்மா கேக்கும்.”

“சொன்னாக் கேளு” என்றேன்.

செவிலியர் பத்தடி தொலைவில் இருந்தார். அவரை ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, எனக்கே தெரியும் என்றிருந்தேன்.

அடுத்த வாரம் செவிலியர் விடுபட்டோர் பட்டியலைப் பார்த்தார். “இவளுக்கு மூணு நாளைக்கு முந்தி பதினஞ்சு முடிஞ்சிட்டே. இனிக் கம்ப்யூட்டர் பதியவே விடாது டீச்சர்.”

இரத்தக் குறைவால் நான்தான் தள்ளிவைத்தேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “ரத்தம் கம்மின்னா இந்த ஊசி போடக்கூடாதுன்னு யாரு சொன்னா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாதே. என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா.”

அவளுடைய பிறந்தநாள் என் வருகைப்பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

மேலிடத்துக்கு எழுதினேன். வயது கடந்தால் திட்டத்தில் இடமில்லை என்று கனிவாகவே விடை வந்தது. தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்தேன். பெற்றோர் கையொப்பத்துடன் அழைத்து வந்தால் போடுகிறோம் என்றார்கள். செலவை நான் ஏற்கலாம். நடந்ததைத் தாயிடம் நானே சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து, ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அவர் பாயில் படுத்திருந்தார். பீடி முறம் சுவரில் சாய்ந்து கிடந்தது. என்னைக் கண்டதும் எழ முயன்று, இயலாமல், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மவ சொன்னா டீச்சர், ஊசி போட்டாச்சுன்னு. அன்னைக்குத்தான் நிம்மதியா ஒறங்குனேன். நீங்க நல்லா இருக்கணும்.”

அடுக்களை வாசலில் தேநீர்க் குவளையோடு மகள் நின்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா, போட்டாச்சு” என்றேன்.

தெருமுனை வரை அவள் என்னோடு வந்தாள். “அன்னைக்கு உம்மா ஆஸ்பத்திரியிலருந்து வந்து, வாந்தியா எடுத்துக்கிட்டுக் கெடந்துச்சு டீச்சர். போடலன்னு எப்பிடிச் சொல்ல?” என்றாள். மருத்துவமனையில் தந்த இரும்புச்சத்து மாத்திரையை நாள் தவறாமல் விழுங்குவதாகவும் சொன்னாள். முகத்தில் சிறிது நிறம் ஏறியிருந்தது. தாயைக் கவனித்து, அரைவயிறு உண்டு, யாரிடமும் சொல்லாமல் தளர்ந்துகொண்டிருந்தவள் அவள். மூன்றாவது மேசை இல்லாதிருந்தால் அது எவருக்கும் தெரிந்திராது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்ததில் பிழையில்லை என்பதை இன்றும் நான் மாற்றிச் சொல்லமாட்டேன். ஒரு மேசையை இன்னொன்றுக்கு வாயிற்காவலாக நிறுத்தினேனே, அந்தப் பிழை என்னுடையது.

தனியார் மருத்துவமனைக்கு வேண்டிய கையொப்பத்தைக் கேட்டால், போட்டாச்சு என்றது பொய்யென்று அவருக்குத் தெரிந்துவிடும். தொலைவிலிருந்த தந்தையைக் கேட்டாலும் அன்றிரவே அது மனைவியின் காதுக்குப் போகும். நானும் மகளும் வாய்திறக்கவில்லை. நாள்கள் கடந்தன.

ஐப்பசி மழையில் அந்தத் தாய் இறந்தார். மகளுக்கு ஊசி போட்டாகிவிட்டது என்ற நம்பிக்கையோடுதான் இறந்தார்.

தந்தை சவுதியிலிருந்து வந்தார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த மறுநாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தனியார் மருத்துவமனையின் படிவத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, “எங்கன போடணும் கையெழுத்து?” என்று மட்டும் கேட்டார்.

மறுவாரம் அவளைத் தென்காசிக்கு அழைத்துப் போனேன். பதினைந்து கடந்துவிட்டதால் ஒன்று போதாது, மூன்று ஊசி என்றார்கள். அவள் சட்டைக் கையைத் தானே சுருட்டிக்கொண்டாள், முகம் சுளிக்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என்னிடம் திரும்பினாள்.

“போட்டாச்சுன்னு இனி யாருட்ட டீச்சர் சொல்ல?”

அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போகும்படி சொன்னார்கள். ஒரு பலகையில் அருகருகே அமர்ந்திருந்தோம்.