சீலாக் கருவாடு ஒரு துண்டு

கருவாடு விற்பது வாயால் நடக்கிற தொழில். எனக்கு அந்த வாய் கிடையாது. நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கல்யாணமாகித் திரேஸ்புரத்துக்கு வந்தவள் நான். தெருவில் நின்று கூவச் சொன்னால் மயினியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். மயினி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. கூடை தூக்கிப் போகிற எங்கள் ஆறு பேருக்கும் அவர்தான் தலைவி. அவர் கூவுவார், பேசுவார், சிரிக்க வைப்பார். நான் பின்னால் நின்று எடுத்துக் கொடுப்பேன். இரண்டாம் உலக யுத்தம் வராதிருந்தால் என் காலம் அப்படியே போயிருக்கும்.

கொழும்பில் குண்டு விழுந்தது என்று செய்தி வந்தபோது என் வீட்டுக்காரர் சரக்குத் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். தோணி திரும்பவில்லை. துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் கையை விரித்தார்கள். நம் ஊரிலும் குண்டு விழும் என்று பாதிச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டது. பொழுது சாய்ந்தால் விளக்கை மறைத்து வைக்க வேண்டும். இருட்டில் ஜெபமாலை சொல்லுவேன். எந்த மணியில் நிற்கிறேன் என்று பாதியில் மறந்துபோகும். தாலியைத் தொட்டுப் பார்க்கவும் பயம்.

அப்போதுதான் ஒரு பேச்சு கிளம்பியது. கப்பலோடு மூழ்கிச் செத்தவர்களைக் கடல் மீன் தின்கிறதாம், அந்த மீனைத்தான் உப்புப் போட்டுக் கொண்டு வருகிறார்களாம். நாங்கள் மணியாச்சியில் ரயிலை விட்டு இறங்கி, கயத்தாறு போகிற பக்கத்து ஊர்களில் நடந்து விற்கிறவர்கள். போன ஊரிலெல்லாம் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். சுமந்த கூடையை அப்படியே சுமந்து திரும்பினோம். ஆறு வீட்டு அடுப்பும் அந்தக் கூடையை நம்பித்தான் எரிந்தது.

ஓர் ஊரில் பலசரக்குக் கடை அண்ணாச்சியின் மனைவிதான் எங்களுக்கு முதல் போணி. அந்த அக்கா வாங்கினால் தெருவே வாங்கும். நல்ல மனுஷி, ஆனால் ஆசாரம் பார்ப்பார். தாகம் என்று நின்றால் செம்பை உயர்த்தி எங்கள் கையில் ஊற்றுவார், செம்பு எங்கள்மேல் பட்டுவிடாது. அன்றைக்கு அவரும் வாசலை விட்டு இறங்கவில்லை.

"எக்கா, நெத்திலி வாய்க்குள்ள ஒரு பேனு போவாது. அது பொணத்தத் தின்னுச்சாம், நீங்களும் நம்புதியளே!" என்றார் மயினி.

"நெத்திலி சரிளா. கூடையில கெடக்க சீலா மீனுக்கு ரம்பம் மாதிரில்லா பல்லு இருக்கு?"

வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் சிரித்தார்கள்.

"அப்ப நான் தின்னு காட்டட்டா?"

"நீ கல்லத் தின்னுட்டு இனிக்குன்னு சொல்லுத ஆளு. பின்னால ஒரு வாயில்லாத பிள்ள நிக்காளே, அவ தின்னட்டும். அவளுக்குப் பொய் சொல்ல வராது."

"தின்னுவாளே! ஏளா, இங்கன வா" என்று மயினி சட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்னைப் பார்த்த முகம் அப்படியே செத்துப்போனது.

விற்று முடிகிற வரை கூடையில் இருப்பதை நாங்கள் வாயில் வைப்பதில்லை. வைத்தால் வியாபாரம் விளங்காது என்பார்கள். என் பயம் அதுவல்ல. அந்தச் சீலா அந்த வாரம்தான் கரைக்கு வந்தது. அதன் வயிற்றைக் கீறும்போதே நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அக்கா அந்தச் சீலாவில் ஒரு துண்டைத் தணலில் வாட்டி, பனையோலையில் வைத்து நீட்டினார். எங்களில் மற்ற ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். நான் மாட்டேன் என்றால் அந்தத் தெரு எங்களுக்கு இனி இல்லை. மாதாவே, இது அவரில்லை என்று மட்டும் சொல் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு ஒரு கடி கடித்தேன். உப்புக் கரித்தது. விழுங்க முடியவில்லை.

"என்னளா, இப்படி வெடவெடங்கா?" என்று அக்கா மயினியைக் கேட்டார்.

மயினிக்கு அழுகை வந்துவிட்டது. "இவ மாப்பிள்ள கொழும்புக்குத் தோணியில போனவருக்கா. என் கொழுந்தன். இருக்காரா இல்லையான்னு ஒரு தகவலும் இல்ல."

அக்கா படி இறங்கி வந்தார். என் கையில் இருந்த மிச்சத்தை, நான் கடித்த எச்சில் துண்டை, வாங்கித் தன் வாயில் போட்டார். "ஏளா, என்ன செய்யுத!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மென்று விழுங்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "கருவாடுதான் பிள்ள. வேற ஒண்ணும் இல்ல. முழுங்கு."

விழுங்கினேன்.

அன்று ஆறு கூடையும் காலியானது. திரும்பி நடக்கையில் பனங்காட்டோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். மயினி என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "என் வாய அறுக்கணும்ளா" என்று புலம்பினார். அதற்குப் பிறகு புதுத் தெருவில் நுழைகிற போதெல்லாம் என்னைத்தான் முன்னால் தள்ளுவார். "நீ போய் நில்லு. பேச்சுக்கு நான் வாரேன்" என்பார். மயினிக்குக் கால் தளர்ந்த பிறகு, முப்பது வருஷம் அந்தக் கூடைகள் என் பின்னால்தான் வந்தன. கடைசிவரை நான் அதிகம் பேசிவிடவில்லை.

அந்த அக்கா வாராவாரம் கூடையைப் பார்ப்பதற்கு முன்னால், "தகவல் உண்டா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே தெருமுனையில் என் நடை தளரும். இல்லை என்று தலையாட்டுவேன். சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்வார்.

கோடை கழிகிற சமயத்தில் தோணி வந்தது. விமானத்துக்குப் பயந்து அக்கரையில் ஒரு கழிமுகத்தில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாக வந்து நின்றார். அடுத்த வாரம் அக்காவின் தெருமுனையிலேயே நான் கத்திவிட்டேன். "எக்கா! வந்துட்டாவ!"

அக்கா ஓடிவந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கூடைக்குள் கைவிட்டு ஒரு சீலாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பம் வெலயக் கொறளா. இத்தன வாரமும் வாயப் பொத்திக்கிட்டு வாங்கியாச்சு."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எங்கள் கரையில், அவர் போய்வந்த அதே தோணியில் மறுபடியும் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் நான் அக்காவிடம் சொல்லவில்லை.