மாமாவுக்குப் போட்ட எக்கோ

பாரிஸை ஒட்டிய இந்தப் புறநகரில் நான் சோறு தின்பது எனக்குப் புரியாத பாட்டுகளால்தான். ராப் பாடுகிறவர்களின் குரலைத் துலக்கிக் கொடுக்கும் வேலை. ஈக்யூ வைத்துக் குரலின் அடியில் தேங்கும் மந்தத்தை வெட்டுவேன். கொஞ்சம் ரிவெர்ப் சேர்த்து அதை ஒரு அறைக்குள் நிற்கவைப்பேன். டிலே போட்டு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பேன். இத்தனை வருடமாகியும் ரொட்டிக் கடையில் பேசுகிற அளவுக்குத்தான் எனக்குப் பிரெஞ்சு. இவர்கள் பாடுவதோ சொல்லைப் புரட்டிப்போட்டுப் பேசும் தெருப் பிரெஞ்சு. ஒருமுறை மூஸா என்ற பாடகன், "என் அண்ணனைப் பற்றிய இடம் எப்படி?" என்று கேட்டான். "'ஸ்' சத்தம் தூக்கலாக இருந்தது, அடக்கிவிட்டேன்" என்றேன். அவன் கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மெர்சி என்று நன்றி சொன்னான். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அர்த்தம் புரியாதவன் காதுதான் சுத்தமான காது என்று ஸ்டூடியோ முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொல்லுவார். தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய நானும் பெருமையாக நிற்பேன்.

காரைக்காலில் என் தங்கை நஸீமாவுக்கு நிக்காஹ் முடிவானது. அத்தா இல்லாத வீடு. சம்பந்தம் பேசியது எங்கள் தாய்மாமா. தங்கமான மனுஷன், ஆனால் கோபம் மூக்கு நுனியில். தனக்குப் பின்வரிசையில் நாற்காலி போட்டார்கள் என்று ஒரு கல்யாணத்தில் எழுந்து போனவர். அவரோடு பாதிச் சொந்தமும் சாப்பிடாமல் எழுந்து போனது. "மாமா முகம் சுளிக்காம முடிஞ்சாப் போதும் நானா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று நஸீமா போனில் சொன்னாள். அண்ணனை எங்கள் வீட்டில் நானா என்போம். துபாயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, தான் மண்டபத்துக்குள் நுழையும்போது போடுவதற்கென்று தானே ஒரு ராப் பாடி அனுப்பியிருந்தார். "ஒரு வார்த்த வுடாமப் புரியணும் மச்சான்" என்பது ஒரே கட்டளை. விடுவேனா? மந்தத்தையெல்லாம் வழித்தெடுத்து, ஒவ்வொரு மெய்யெழுத்தையும் பல் விளக்குவதுபோல் விளக்கினேன். மண்டபத்துச் சுவரே போதுமான அளவு முழங்கும் என்று ரிவெர்ப்பைத் துடைத்தெறிந்தேன். பாட்டு தமிழில் இருந்தது எனக்குத் தெரியும். என்ன பாடியிருக்கிறார் என்பதுதான் காதில் ஏறவில்லை.

விடுப்பில் ஊர் போய்ச் சேர்ந்தேன். மைக்செட் திருவேட்டக்குடி அண்ணனுடையது. காது குத்தோ கந்தூரியோ, எக்கோ இல்லாத குரலை எங்கள் பக்கம் யாரும் மதிப்பதில்லை. சோதனைக்குக் கொஞ்சம் ஓடவிட்டதும் அண்ணன் முகம் தொங்கிவிட்டது. "என்னங்க தம்பி, காதுக்குள்ள வந்து பேசுற மாதிரி இருக்கு. இது கல்யாண வூடா, டாக்டர் வூடா?" என்றார். நான் வெளிநாட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து, எக்கோ குமிழைத் தொடவே கூடாது என்று சொல்லிவைத்தேன்.

மாப்பிள்ளை நுழைந்தார். பாட்டு கிளம்பியது. முன்வரிசையில் மாமா, கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டையில். "மாமா வந்தாரு" என்று முதல் வரி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மலர்ந்த அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனப்பாடமாக இருந்த பாட்டு, இனி வரப்போகும் வரிகளோடு, மனசுக்குள் முதன்முதலாகத் தமிழில் கேட்டது. மாமா வந்தாரு, வாடா எட்டு. மஹரு பேசுனாரு ஏப்பம் வுட்டு. சம்பந்தமும் மணக்கொடையும் பேசப் போன இடத்தில் அவர் தின்ற இறால் வாடாவின் கணக்கு. அதற்குப் பிறகு அவருடைய தொப்பை, அதற்கும் பிறகு குறட்டை. பாட்டை நிறுத்தினால், என்னைப் பற்றிய பாட்டை ஏன் நிறுத்தினாய் என்று எழுந்துவிடுவார். யா அல்லாஹ் என்று குமிழின் மேல் விழுந்து, எக்கோவைக் கடைசிவரை திருகினேன். மாமா மாமா மாமா என்று மண்டபம் முழுக்க உருண்டது. வாடாவும் ஏப்பமும் அதில் கரைந்து போயின. "இப்பத்தாங்க பாட்டு" என்றார் மைக்செட் அண்ணன். மாமா பக்கத்து நாற்காலிக்காரரிடம், "நம்மளப் பத்தித்தான் பாடுறாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் மேடையிலிருந்து என்னைக் கொலைவெறியோடு பார்த்தார். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது.

இப்போது மாமா என்னை விடுவதாக இல்லை. "அந்தப் பாட்ட எக்கோ இல்லாம அனுப்புப்பா. நிதானமாக் கேக்கணும்" என்று வாரம் தவறாமல் செய்தி வருகிறது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று புளுகிக்கொண்டிருக்கிறேன். பாரிஸ் திரும்பி வந்ததும் மூஸாவிடம் அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "பாட்டில்தான் சொன்னேனே" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நேற்று நஸீமா குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். கேட்டேன். பின்னால் ஃபேன் சத்தம், 'ச' வருமிடத்தில் லேசாகக் கீறல், அடியில் நிறைய மந்தம். வெட்ட வேண்டிய இடங்களை மனசு குறித்துக்கொண்டே போனது. முடிந்த பிறகுதான் அவள் ஏதோ கேட்டிருக்கிறாள் என்று உறைத்தது. மறுபடி போட்டேன்.

"எப்ப நானா வருவீங்க?"

மந்தம் என்று நான் குறித்துவைத்த இடத்தில் அவள் அழுதுகொண்டிருந்தாள்.