லவினா வைக்கும் நிறங்கள்

பார்சலை மடிப்பதற்கு முன் லவினா ஒருமுறை குனிந்து பார்க்கிறார். சோற்றைச் சுற்றி மஞ்சளாய்ப் பூசணி, சிவப்பாய்த் தக்காளி, பச்சையாய்க் கங்குன் கீரை. ஏதோ குறைகிறது. பீற்றூட்டில் ஒரு கரண்டி அள்ளி ஓரத்தில் வைக்கிறார். "இப்ப சரி" என்று தாளை மடித்து, அடுத்ததை இழுக்கிறார்.

கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய ஒழுங்கையில் அவர் வீடு. துறைமுகப் பக்கத்து அலுவலகங்களுக்கு நாளுக்கு நாற்பது பகல் சாப்பாடு அங்கிருந்து போகிறது. அதில் ஒன்று என்னுடையது. கறிகளுக்கு அவரிடம் பெயர் கிடையாது. போனில் கேட்டால், "இண்டைக்கு ரெண்டு பச்சை, ஒரு ஊதா, மீன்" என்பார். ஊதா கத்தரிக்காய் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். பேலியகொடைச் சந்தையில் கரட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் வாங்குவார். நிறம் மங்கலென்றால் வியாபாரியோடு சிங்களத்தில் சண்டை. கரட்டைத் தேங்காயெண்ணெயில் வதக்காமல் விடமாட்டார். "எண்ணெய் இல்லாட்டி அந்தக் கலர் உடம்புல சேராது" என்பது அவர் வாதம்.

இந்தப் பழக்கம் ஏழு வருடத்துக்கு முன் வந்தது. மார்பில் புற்றுநோய் கண்டு, அறுவை சிகிச்சையும் மருந்தும் முடிந்து, எதையும் தின்னப் பயந்து வெறும் கஞ்சியில் கிடந்தார். மருத்துவமனையின் உணவு ஆலோசகர் மேனுகா என்ற பெண்தான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாராம். காய்கறிக்கு நிறம் கொடுக்கும் நிறமிகள் உடலின் உயிர்க்கலங்களைச் சேதத்திலிருந்து காக்கக்கூடும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன, ஆனால் இன்னும் முடிந்த முடிவில்லை, ஆகவே பல நிறமாய்ச் சாப்பிடுங்கள், சிகிச்சையை மட்டும் விடாதீர்கள் என்று. லவினா அதைத் தன் பாணியில் சுருக்கி வைத்திருக்கிறார்: "கலரால நோய் வருத்தம் வராமப் பாத்துக்கொள்ளலாம். வந்த வருத்தத்தை டொக்டர்தான் பாக்கணும்."

அந்த இரண்டாவது வாக்கியம் எங்கள் அலுவலகத்துச் சிறிலின் காதில் ஏறவில்லை. இருபத்தாறு வருடமாக என் அடுத்த மேசையில் இருப்பவர். தன் பார்சலின் கீரையையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டு மீனை மட்டும் தின்றவர். போன வருடம் அவர் குடலில் சின்னக் கட்டி ஒன்று அகப்பட்டது. பரிசோதனையில் புற்றுநோய் என்றே வந்தது. வெட்டி எடுக்கத் திகதியும் குறித்தாகிவிட்டது. சிறில் வீட்டில்கூடச் சொல்லாமல் லவினாவிடம் போய், மூன்று நேரமும் பீற்றூட்டும் கரட்டுமாகத் தரும்படி கேட்டார். ஒபரேஷனுக்குப் போவதாக இல்லையாம். லவினா பிழைத்தது சாப்பாட்டால்தானே என்றாராம்.

லவினா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார். பின்னர் சிறிலே என்னிடம் சொன்னது இது.

"அண்ணன், என்னை வெட்டித்தான் காப்பாத்தினாங்க. இந்தக் கலரெல்லாம் அதுக்குப் பிறகு. என்னைப் பாத்து நீங்க செத்துப்போனா, நான் எப்படி இனிச் சமைக்கிறது?"

பயமாக இருக்கிறது என்று சிறில் ஒப்புக்கொண்டார். தனக்கும் ஒபரேஷன் தியேட்டர் வாசல்வரை அப்படித்தான் இருந்தது என்றார் லவினா. அன்று பின்னேரமே அவரைக் கூட்டிக்கொண்டு போய், மனைவி ஐறீனிடம் எல்லாவற்றையும் சொல்லவைத்தார். ஒபரேஷன் நாளன்று சமையலை நிறுத்திவிட்டு, ஐறீனின் கையைப் பிடித்தபடி வார்ட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் நாற்பது பேரும் அன்று கடைச் சோறு தின்றோம். ஒருவரும் முறையிடவில்லை.

கட்டி வேறெங்கும் பரவியிருக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, கன்னம் ஒட்டிப்போன சிறில், பட்டர் கேக் ஒன்றைச் சுமந்துகொண்டு அந்த ஒழுங்கைக்குள் நடந்தார். துணைக்கு நானும் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று முணுமுணுத்துப் பார்த்தவருக்கு, வாசலில் லவினாவைக் கண்டதும் அழுகைதான் வந்தது.

"நீங்க இல்லாட்டி..." என்று தொடங்கினார்.

லவினா கேக்கை வாங்கி ஒருபக்கம் வைத்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து, நத்தார் பண்டிகைக்கு மட்டும் இறக்கும் பீங்கான் தட்டு ஒன்றை எடுத்தார். சேலைத் தலைப்பால் அதை மெதுவாகத் துடைத்துவிட்டு, சிறில் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார்.