பலெர்மோவில் ஒரு வியாழன் பிற்பகல்

பெர்கனில் மழை பிடித்துக்கொண்ட செப்டம்பர் நடுப்பகுதியில் நான் பலெர்மோவுக்குப் போனேன். வெயில் இன்னும் மிச்சமிருக்கும், விமானச் சீட்டும் மலிவு என்பதால் நோர்வேத் தமிழர் பலர் அந்த மாதத்தில்தான் போகிறார்கள். நான் போனது வெயிலுக்கல்ல. அங்கே வேலை செய்யும் என் தங்கை வதனிக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசியால் சதை எடுத்துச் சோதிக்க, வியாழக்கிழமை மூன்று மணிக்கு வரும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். முன்பு கொடுத்த நேரத்துக்கு அவள் போகவில்லை. இந்தத் தடவை கையைப் பிடித்துக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். போகும் வழியையும் நகரத்தையும் பற்றிச் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு நேரடி விமானம் கிடைக்கவில்லை. பிராங்க்பேர்ட்டில் மாறி, செவ்வாய் மாலை இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து நகரம் முப்பத்தைந்து கிலோமீட்டர். வாசலிலேயே பேருந்து நிற்கும். ஏழு யூரோவுக்குள் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையம் வரை கொண்டுவந்து விடுவார்கள். ஒரு மணித்தியாலம் பிடிக்கும். டாக்ஸிக்காரர் கூப்பிடுவதைக் காதில் வாங்க வேண்டாம். நிலையத்துக்கு நடை தூரத்திலேயே அறை எடுத்திருந்தேன். சுத்தம், ஆனால் மோட்டார் சைக்கிள் சத்தம் ஓயாது.

என்னைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. வதனி வீட்டோடு தங்கி, தொண்ணூறு தாண்டிய ஒரு வீட்டுக்கார அம்மாவை, அவள் வாயில் சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்கிறாள். அப்படி வேலை செய்கிறவர்களுக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமையும் வியாழன் பிற்பகலும்தான் ஓய்வு. நானோ ஞாயிறு விமானம் விலை கூட என்று சனியே திரும்பும்படி பதிந்திருந்தேன். ஆக எங்களுக்கு மிஞ்சியது அந்த வியாழன் பிற்பகல் மட்டும். மற்ற நாட்களில் மாலை ஏழு மணிக்கு அவள் குப்பைப் பையோடு கீழே இறங்குவாள். தெருவோரத் தொட்டியடியில் ஐந்து நிமிடம் கதைப்போம்.

“மெலிஞ்சு போனாய்” என்றேன் முதல் நாள்.

“நீ மட்டும் மெலியாம வந்து நிக்கிறாய். சாப்பிட்டியே?” என்றாள்.

புதன்கிழமை நகரத்தை எனக்குக் காட்டியது அவளுடைய குரல். சிஞ்ஞோராவுக்குச் சூப் வைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் போனில் பேசிப் பதிந்து அனுப்புவாள். நான் கேட்டுக்கேட்டு நடந்தேன். எந்த வழிகாட்டிப் புத்தகமும் இவ்வளவு திருத்தமாகச் சொல்லாது. காலை ஒன்பதுக்கு முன் வியா மக்வேதா என்ற பெருந்தெருவில் இறங்க வேண்டும். பத்துக்குப் பிறகு உல்லாசப் பயணிகள் நிரம்பிவிடுவார்கள். பல்லாரோ சந்தையில் கடலைமாக் களியை வெட்டிப் பொரித்த பனெல்லேயைப் பாண் ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். சைவக்காரர் பயமில்லாமல் சாப்பிடலாம், காலை உணவுக்கு அது போதும். மத்தியானம் ஒன்றிலிருந்து நான்குவரை பல கடைகள் பூட்டு. அப்போது கால்சா என்ற பழைய பகுதிக்குப் போய், பியாட்சா மரீனா சதுக்கத்தில் விழுதிறக்கி நிற்கும் பெரிய அத்திமரத்தின் கீழ் இருக்கச் சொன்னாள். அங்கிருந்து கடற்கரைப் புல்வெளி ஐந்து நிமிட நடை.

கால்சாவில் புதுப்பித்த மாளிகைக்குப் பக்கத்திலேயே சுவர் வெடித்த வீடுகள். அந்தத் தெருவுக்கு அவள் அனுப்பிய செய்தி இது: “மூலையில நிண்டு மேல பார். மூண்டாம் மாடி, பச்சை யன்னல். இஞ்சை வந்து முதல் வேலை செய்த வீடு. நான் பாத்த மனிசி செத்தாப் பிறகு மூண்டு நாளில வெளிக்கிடச் சொல்லிச்சினம்.” பின்னால் சிஞ்ஞோரா கூப்பிடும் சத்தம். “வாறன், வாறன்” என்று தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டு பதிவை நிறுத்திவிட்டாள்.

வியாழன் ஒன்றரைக்கு நிலையத்துக்கு முன்னாலுள்ள பேருந்துத் தரிப்பில் சந்திப்பதாக ஏற்பாடு. வதனி குளித்து முழுகி, திருநீறு பூசி, கையில் பூவோடு வந்தாள். செருப்பு பைக்குள் இருந்தது.

“என்னடி கோலம் இது? ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ?”

“மலைக்கு. நோர்வே, ஜெர்மனி எண்டு வாற சனமெல்லாத்துக்கும் மலை காட்டினனான். சொந்த அக்காவுக்குக் காட்டாம விடுறதே?”

“வதனி, மூண்டு மணிக்கு நேரம்.”

“ஓம், தெரியும். ரெண்டும் ஏலாது. நேர்த்தி வைச்சிட்டன் அக்கா, உன்னையும் கூட்டிக்கொண்டு ஏறுறன் எண்டு.”

மொந்தே பெல்லெக்ரீனோ என்ற அந்த மலைக்குகையில் இருப்பவள் நகரத்தின் காவல் புனிதை, சந்தா ரொசாலியா. பலெர்மோத் தமிழருக்கு அவளிடம் சைவம், வேதம் (கிறிஸ்தவம்) என்ற பேதமில்லை. பிள்ளை வேண்டியும் விசா வேண்டியும் வெறுங்காலோடு ஏறுவார்கள்.

“ஏறினாக் கட்டி கரைஞ்சிடுமே?” என்று கேட்டேன்.

“ஊசி குத்தினாக் கரைஞ்சிடுமே? வருத்தத்துக்குப் பேர் சொல்லுவினம், அவ்வளவுதான். பேர் தெரிஞ்சா சிஞ்ஞோராவின்ர மகனுக்குச் சொல்லவேணும். நல்ல மனுசன், அழுவார். அழுதுபோட்டு வேற ஆளைப் பாப்பார். வேலை போனா அறையும் போகும். பிறகு பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க எந்த விலாசத்தைக் குடுக்கிறது? குப்பைத் தொட்டியையே?”

பெர்மெஸ்ஸோ என்பது வதிவிட அனுமதி. அவளுடையது அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. சிஞ்ஞோராவோடு நான் இருக்கிறேன், வேறொரு நாள் நீ போ என்றேன். சிரித்தாள். “அவ ஒருக்காக் கத்தினா நீ பெர்கன் மட்டும் ஓடுவாய்.” பேருந்து வந்தது, அவள் ஏறினாள். அந்தப் பிற்பகலைத் தெருவில் நின்று சண்டையில் கரைக்க மனம் வரவில்லை. நானும் ஏறினேன்.

உச்சிவரை பேருந்து உண்டு; நகரப் பேருந்துச் சீட்டே போதும், ஒன்றரை யூரோ அளவில் வரும். நடப்பவர்களுக்கு அடிவாரத்திலிருந்து பழைய கற்பாதை, ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். வழியில் கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். கல் வெயிலில் சுடும். அடிவாரத்தில் இறங்கி வதனி வெறுங்காலோடு நடந்த வேகத்துக்கு என் சப்பாத்துக் கால்கள் ஈடுகொடுக்கவில்லை. மூன்று மணிக்கு நாங்கள் பாதி மலையில் நின்றோம். கீழே துறைமுகமும் நகரமும் விரிந்து கிடந்தன. “அங்கை கடல். உதிலை சிறைச்சாலை. அந்தக் கூரையளுக்கு அங்காலை, நீளமா ஒரு கட்டடம் தெரியுதே? அதுதான் ஆஸ்பத்திரி” என்றாள், மற்ற இடங்களைக் காட்டிய அதே குரலில்.

குகை குளிர்ந்திருந்தது. கூரையில் சொட்டும் நீரைத் தகடுகள் வாங்கி வழிய விடுகின்றன. பொன்னுடை போர்த்திப் புனிதை படுத்திருக்கிறாள். கும்பிட வந்திருந்த தமிழரில் மன்னார்ப் பெண் ஒருவர் என்னைப் பார்த்து, “அக்காவே? நோர்வேயோ? குளிர் நாட்டுச் சனம் நல்லா மூச்சு வாங்குது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், வதனி எல்லோரையும்விடக் கூடச் சிரித்தாள். குணமானவர்கள் கொடுத்த வெள்ளித் தகடுகள் சுவரில் தொங்கின: கை, கால், கண், மார்பு. குணமாகாதவர்கள் எதையும் கொண்டுவந்து தொங்கவிடுவதில்லை. அதனால்தான் அந்தச் சுவர் அவ்வளவு நம்பிக்கை தருகிறது. வதனி பூவை வைத்துவிட்டு நெடுநேரம் கும்பிட்டாள். எனக்குக் கும்பிட வரவில்லை.

வெள்ளி மாலை தொட்டியடியில் அவள் உற்சாகமாக இருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போன் அடிச்சனான் அக்கா. புது நேரம் தந்திட்டினம். தை மாசம்.”

“தையோ? நாலு மாசமடி! முன்னம் ஒண்டும் இல்லையோ?”

“வாற செவ்வாய் வாங்கோ எண்டவை. செவ்வாயில நான் எப்பிடி வெளிக்கிடுறது? வியாழன் பின்னேரமாத் தாங்கோ எண்டு மண்டாடித்தான் வாங்கினனான்.”

பையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மேலே போனாள்.

போகிறவர்களுக்கு: செப்டம்பர் நல்ல மாதம். நகரத்தின் நடுப்பகுதிக்கு இரண்டு நாள் போதும். எல்லாம் நடை தூரம். மலைக்கு ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள், ஐந்து மணிக்கு முன் இறங்கத் தொடங்குங்கள். வீட்டோடு வேலை செய்யும் உறவினரைப் பார்க்கப் போவதானால், சீட்டுப் பதியுமுன் அவர்களுடைய ஓய்வு நாளைக் கேளுங்கள். ஞாயிறும் அகப்படும்படி போங்கள், விலை கூடினாலும். நானும் தை மாதத்துக்குப் பதிந்துவிட்டேன், புதன் போய்த் திங்கள் திரும்புகிறேன். அந்த வியாழனுக்கு அவள் வேறு என்ன நேர்ந்து வைப்பாள் என்று எனக்குத் தெரியாது. கட்டியும் வியாழன் பார்த்துத்தான் வளரும் என்று அவள் நம்புகிறாள்போல் இருக்கிறது.