பாடு இல்லாத நாளில் எண்ணிய பாதை

நயா பைசா புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய வருடம், அடைமழை தொடங்கும் முன் போன பயணம் இது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரைவரை தார் ரோடும், கரையில் படகுத்துறையும் போடலாமா என்று பேச்சு. இன்னும் பத்து வருடத்தில் அந்தப் பாதையில் எவ்வளவு சரக்கு போகும் என்று கணிக்க வேண்டும். அதற்கு முதலில் இன்றைக்கு எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டுமே! போய் எண்ணிவிட்டு வரும் வேலை எனக்கு.

சென்னையில் காலை ஆறு பத்துக்கு ரயில். மூன்றாம் வகுப்பு பன்னிரண்டணா. எட்டு மணிக்குக் கும்மிடிப்பூண்டி; இன்று தொழிற்பேட்டை இருக்கும் பக்கமெல்லாம் அன்று பொட்டலும் வயலும்தான். அங்கிருந்து ஏரிக்கரையிலுள்ள சுண்ணாம்புக்குளம் ஏழரை மைல். மாட்டு வண்டிக்கு ஒன்றேகால் ரூபாய், இரண்டரை மணி நேரம். வண்டிக்காரர் நாகய்யா ஒரு பள்ளத்தையும் விட்டுவைக்கவில்லை.

உத்தரவுப்படி திங்கள், புதன், வெள்ளி ஏரிக்கரையில். செவ்வாயும் வியாழனும் எளாவூர் நெடுஞ்சாலையில் லாரி எண்ண வேண்டும். கரையில் மூன்று நாளும் புளியமரத்தடியில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். போனவை நாலு விறகு வண்டி, இரண்டு சைக்கிள், ஓர் எருமை. ஊர்க்காரர்கள் என்னோடு பேசக்கூட இல்லை.

வெள்ளி மாலை வண்டி ஏறும்போது நாகய்யா கேட்டார். "இன்னா நைனா, ரோடு வருமா?"

"ஆளே போகாத பாதைக்கு யாரு ரோடு போடுவாங்க? வேணாம்னுதான் எழுதணும்" என்றேன்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் விடுவிடுவென்று வந்தாள். பெயர் கன்னியம்மா, இறால் கூடையைத் தலையில் சுமந்து ஸ்டேஷனுக்கு நடப்பவள்.

"இன்னா சார் இது? வரி போட வந்த ஆளுன்னு நாங்க ஒதுங்கிக்கினு கீறோம். நீ ரோடே வாணாம்னு எழுதப் போறியா? மழைல சேத்துல மாட்டிக்கினா ரயிலு போயிடும், அவ்ளோ இறாலும் நாறிடும். எங்களுக்குப் பாடு இல்லாத நாளா பாத்து எண்ணிக்கினியே!"

பாடு என்பது குப்பங்கள் முறைவைத்து வலை போடும் ஏற்பாடு. ஏரியில் நல்ல இடங்களில் இன்று ஒரு குப்பம், நாளை இன்னொரு குப்பம். அடுத்த குப்பத்து மீன் படகிலேயே பழவேற்காடு போய்விடும். கன்னியம்மா குப்பத்துக்கு அந்த வாரம் செவ்வாய், வியாழன், சனி. நானும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தேன், அவர்கள் சும்மா இருந்த நாளாகப் பார்த்து! வெட்கமாகப் போயிற்று.

"நாளைக்கி இருந்து எண்ணிட்டுப் போ சார். சோறு நான் போடறேன்" என்றாள்.

இருந்தேன். சனிக்கிழமை ஒன்பது மணிக்குள் நூற்றுப் பன்னிரண்டு கூடைகள், பத்தொன்பது வண்டிகள்! ஸ்டேஷன் போய்த் திரும்பிய களைப்போடு அவள் எனக்கு இறால் தொக்கு கிளறினாள். அந்தக் கைக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்?

"ரோடு வந்தா எத்தனை பேர் நடப்பீங்க?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். "ரோடு வந்தா நான் இன்னாத்துக்கு சார் நடக்கறேன்? லாரி இங்கியே வந்துடும்ல?"

பத்து வருடத்துக்குப் பிந்தைய கணக்கில் கூடைக் கட்டத்தில் பூஜ்யம் போட்டு, அத்தனை சரக்கையும் லாரிக் கட்டத்துக்கு மாற்றினேன். மேலதிகாரி விளக்கம் கேட்டார், சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் அடுத்தடுத்து இரண்டு நாள் தங்குங்கள். இன்று யார் பாடு என்று கரையில் விசாரியுங்கள். ஏதாவது எண்ணப் போகிறீர்கள் என்றால், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ரோடு போட்ட பிறகு ஒருமுறை பஸ்ஸில் போனேன். நாற்பது நிமிஷம். ஏழரை மைலிலும் தலையில் கூடையோடு ஒருத்தரையும் காணவில்லை. நான் போட்ட பூஜ்யம் பலித்துவிட்ட சந்தோஷத்தில் பஸ்ஸிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.